கன்னியாவில் ஒரு மண்மூட்டை வீடு

எங்கள் வீட்டுச் சுவர் மாப்பைகளில் மண் நிரப்பி அடுக்கியது. திருகோணமலை நகரத்திலிருந்து கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகும் பக்கத்தில் எங்கள் காணி. பூசி, வெள்ளையடித்து, ஓடு போட்டு நிற்கும் வீட்டை வெளியில் நின்று பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே வந்து யன்னல் கட்டில் கை வைத்துச் சுவரின் தடிப்பைப் பார்த்த பிறகுதான் கேள்விகள் தொடங்கும். மழைக்குக் கரையாதா, பாம்பு வராதா, கறையான் பிடிக்காதா, எவ்வளவு முடிந்தது. வருகிறவர்களுக்கு வாய்வழியாகச் சொல்லிச் சொல்லி வந்ததை இப்போது எழுதி வைக்கிறேன். கட்ட நினைப்பவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

2022இல் கட்டத் தொடங்கினோம். அந்த வருடம் எப்படி இருந்தது என்று இலங்கையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சீமெந்து விலை ஒரு வருடத்துக்குள் இரண்டு மடங்குக்கும் மேலே போனது, கம்பியும் அப்படியே. டீசல் வரிசையில் நின்ற லொறிகள் மணல் ஏற்ற வரவில்லை. சீமெந்து ஆலை எங்கள் துறைமுகக் கரையிலேயே இருந்தும் எங்களால் சீமெந்து வாங்க முடியவில்லை. ஆனால் காணியில் கிணறு வெட்டிய செம்மண் குவியலாகக் கிடந்தது. சுவருக்கு வேண்டிய பெரும் பாரம் காலடியிலேயே இருக்கிறதே என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

கடன் பயமும் இருந்தது. போருக்குப் பிறகு இந்திய உதவியில் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள் கட்டுவதற்கு, குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் பகுதி பகுதியாகக் கொடுத்தார்கள். பயனாளியே நின்று கட்ட வேண்டும். அது நல்ல திட்டம்தான். ஆனாலும் பொருள் விலை ஏற ஏற நகையை அடகு வைத்தவர்களையும், நுண்கடன் எடுத்து இன்றுவரை கட்டிக்கொண்டிருப்பவர்களையும் எங்கள் சொந்தத்துக்குள்ளேயே பார்த்திருக்கிறேன். பிறகு 2016இல், ஒரு வீட்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் செலவாகும் 65,000 இரும்பு வீடுகளைக் கொண்டுவரப் போகிறோம் என்றார்கள். எங்கள் வெயிலில் இரும்பு வீட்டுக்குள் மனிதர் இருக்க முடியுமா என்று சனம் எதிர்த்தது சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். காலடி மண்ணில் கட்டக்கூடிய ஊருக்கு ஏன் கப்பலில் வீடு வர வேண்டும்?

மண்ணில் கட்டுவது எங்களுக்குப் புதிது இல்லை. வரிச்சுப் பிடித்து மண் அடைத்து, சாணம் மெழுகி, கிடுகோ இலுக்கோ வேய்ந்த வீட்டில் பிறந்தவர்கள் என் அம்மாவின் தலைமுறையில் நிறையப் பேர். பையில் நிரப்பி அடுக்குவதுதான் புதிது. ஜெர்மனியில் காசல் பல்கலைக்கழகத்தில் கெர்னோட் மிங்கே என்ற கட்டடக்கலைஞர் 1970களில் இதை ஆராய்ந்தார். ஈரானில் பிறந்து கலிபோர்னியாவில் வேலை செய்த நாதர் கலீலி, நிலவில் எப்படிக் கட்டலாம் என்று நாசா 1984இல் நடத்திய கூட்டத்தில் அங்குள்ள மண்ணையே பையில் நிரப்பிக் கட்டும் யோசனையைச் சொன்னார். பிறகு அதைப் பூமியில் வீடிழந்தவர்களுக்கான வீடாக வளர்த்தெடுத்தார். அவருடைய மண்மூட்டைக் குடில்களுக்கு 2004இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2015 நேபாள நிலநடுக்கத்தில் கல்வீடுகள் சரிந்த இடங்களில் பல மண்மூட்டைக் கட்டடங்கள் பெரிய சேதமில்லாமல் நின்றன.

இந்த வரலாறெல்லாம் எங்கள் அயலில் எடுபடவில்லை. முதல் சில வரிசை எழும்பியவுடன் பக்கத்து வளவு ஆச்சி படலையடியில் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, திரும்பவும் இதில சென்றி போடப் போறீங்களோ?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் மண்மூட்டை என்றால் காவலரண், பதுங்குகுழி. ஷெல்லுக்குப் பயந்து பிள்ளைகளோடு அதற்குள் ஒடுங்கிக் கிடந்தவர் அவர். வெளிநாட்டுப் புத்தகங்களில் இல்லாத சிக்கல் இது. மூதூர், சம்பூர்ப் பக்கம் இதைச் செய்ய நினைக்கிறவர்களும் முதலில் இதை யோசியுங்கள். நாங்கள் மறுநாளே ஒரு பக்கச் சுவரில் இரண்டு முழ அகலத்துக்கு மண் பூசி, சாணம் மெழுகிக் காட்டினோம். ஆச்சி கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்கட பழைய வீட்டுச் சுவர்" என்றார். அதற்குப் பிறகு மண் குழைக்கும் பதத்தை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். அயலவர் வந்து போகும் இடத்தில் ஒரு துண்டையாவது முதலிலேயே பூசி முடியுங்கள். மூட்டை வெளியே தெரியத் தெரிய மனங்கள் கனக்கும்.

சரி, மண்ணுக்கு வருவோம். எல்லாம் அதில்தான் நிற்கிறது.

மேல்மண் வேண்டாம். வேரும் இலைமக்கும் உள்ள மண் காலப்போக்கில் உக்கி இறங்கும். அதை ஒதுக்கி வைத்துத் தோட்டத்துக்குப் போடுங்கள். அதற்குக் கீழே வரும் மண்ணில் களி கால் பங்கு, கூடினால் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். மீதி மணலும் பரலும். இதைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் இறங்கும். அதன்மேல் வண்டல் சில மணித்தியாலத்தில் படியும். களி கடைசியில், ஒரு நாள் எடுத்துப் படியும். போத்தலுக்கு வெளியே கோடு போட்டு அளந்தால் எது எவ்வளவு என்று தெரியும். எங்கள் கிணற்று மண்ணில் களி கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் கிரவல் கலந்தோம். களி மிஞ்சினால் காயும்போது சுருங்கும், குறைந்தால் இடித்தாலும் இறுகாது.

அடுத்தது ஈரம். இதுதான் அனுபவத்தில் வருவது. புட்டுக்கு மாக் குழைக்கிற பதம் வேண்டும்: பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். கையில் உருண்டை பிடித்து நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. தூளாகப் போனால் தண்ணீர் தெளியுங்கள். சப்பென்று ஒட்டிக்கொண்டால் விரித்துக் காயவிடுங்கள். ஈரம் கூடிய மண்ணை இடித்தால் பை பக்கவாட்டில் பிதுங்கும், அந்த வரிசை மட்டமாக நிற்காது. முதல் நாள் மாலை தண்ணீர் தெளித்து, படங்கால் மூடி வைத்தால் காலையில் ஈரம் எங்கும் ஒரே சீராக ஊறியிருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்து கிடக்கும் மண் மதியத்துக்குள் தூசாகிவிடும், அதனால் எடுக்க எடுக்கத்தான் திறக்க வேண்டும்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் இருப்பவர்கள், கடற்கரை மணலை அப்படியே நிரப்பலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். மணல் மட்டும் இருந்தால் பை கிழிந்தவுடன் சுவர் ஒழுகும். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், உள்ளே போடும் கம்பியையும் தின்னும். உள்ளூர்ச் செம்மண் கொண்டுவரத்தான் வேண்டும். வெளியிலிருந்து ஏற்றுவதானால் மண்ணுக்கும் கிரவலுக்கும் அனுமதிப்பத்திரம் உள்ள லொறியையே பிடியுங்கள். மகாவலி பெருகி வெள்ளம் நிற்கும் மூதூர், கிண்ணியா, வெருகல் தாழ்நிலங்களில் வெறும் மண்மூட்டைச் சுவரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வெள்ளம் வந்த மட்டத்துக்கு மேல்வரை கல்லோ கொங்கிறீற்றோ எழுப்பிவிட்டு அதன்மேல் தொடங்கினால் வேறு கதை.

பைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. சீனக்குடாவிலேயே மாவாலை இருக்கிறது. பேக்கரிகளில் 50 கிலோ மாப்பை மலிவாகக் கிடைக்கும். நெசவு செய்த பிளாஸ்ரிக் பை என்றால் சரி, அரிசிப் பையும் ஆகும். பசளைப் பை என்றால் கழுவிக் காயவைத்து எடுங்கள். கடதாசியில் வரும் சீமெந்துப் பை உதவாது. பைகள் எல்லாம் ஒரே அளவாக இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் வரிசை ஏறி இறங்கும். இந்தப் பைக்குப் பெரிய எதிரி வெயில். மண்ணுக்குள் மூடிவிட்டால் பல காலம் இருக்கும் நூல், நேரடி வெயிலில் சில மாதத்தில் பொடியாக உதிரும். அதனால் கட்டிக்கொண்டிருக்கும்போதே சுவரின்மேல் கிடுகு சாத்தி வைத்தோம், வரிசை முடிந்த பக்கத்தை உடனுக்குடன் பூசினோம். கட்டி முடித்துவிட்டுக் காசு வந்ததும் பூசலாம் என்று எண்ணினால் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

அளவு சொல்கிறேன். 10க்கு 12 அடி அறை, ஏழரை அடிச் சுவர் என்றால் ஏறக்குறைய 18 வரிசை வரும். ஒரு பை இடித்த பிறகு சுமார் 15 அங்குல அகலம், 20 அங்குல நீளம், 5 அங்குல உயரம். கதவு, யன்னல் கழித்து 400க்கு மேல் பை போகும், இளக்கமான மண்ணாக நாலரையிலிருந்து ஐந்து கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) வரை போகும். வரிசைக்கு வரிசை இரண்டு ஓட்டமாக முட்கம்பி போட வேண்டும். அதற்கே 480 மீற்றர் அளவில் வருகிறது. பலர் கணக்கில் விடுவது இந்த முட்கம்பியைத்தான். ஆனால் மூட்டையை மூட்டையோடு பிணைப்பது அதன் முள்தான். அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. கடற்காற்று அடிக்கும் ஊர் என்பதால் நாகமுலாம் பூசியதையே வாங்குங்கள்.

அத்திவாரத்துக்கு இரண்டடி வரை கிடங்கு வெட்டி, உடைந்த கல்லும் பரலும் போட்டு இடித்தோம். அதன்மேல் முதல் நாலு வரிசைக்கு மண் போடவில்லை, சல்லிதான் நிரப்பினோம். சல்லியின் கூர் பையைக் கிழிக்கும், அதனால் பைக்குள் பையாக இரட்டைப் பை. மண் நிலத்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும், சல்லி ஏற்றாது. பழைய மண்வீடுகள் விழுந்ததைக் கவனித்துப் பாருங்கள். கூரை ஒழுகியோ, சுவரின் அடி நனைந்தோதான் விழுந்திருக்கும். அடியும் முடியும் காய்ந்திருந்தால் மண்சுவர் தலைமுறை தாண்டி நிற்கும்.

பை நிரப்பும் வேலை சுவரின்மேல் வைத்தே நடக்க வேண்டும். நிரப்பிய பை 40 கிலோவுக்கு மேல் பாரம், அதைத் தூக்கி அடுக்குவதாயிருந்தால் நாலாவது வரிசையில் நாரி போய்விடும். வெறும் பையைச் சுவரில் நிறுத்தி, சின்னப் பெயின்ற் வாளிகளில் மண்ணைக் கைமாற்றிக் கொடுத்துக் கொட்டலாம். பையின் அடிமூலை இரண்டையும் உள்ளே தள்ளிவிட்டு நிரப்பினால் காது போலத் துருத்தாது, பிறகு பூசுவதற்கும் இலகு. வாயை மடித்து, முந்திய பையோடு நெருக்கிப் படுக்க வையுங்கள். செங்கல் வரிசைபோல மேல்பை கீழ் இரண்டு பைகளின் பொருத்தை மூட வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். தொடக்கத்தில் 'தொப் தொப்' என்று மந்தமாக இருக்கும் சத்தம் இறுக இறுக மாறும். காதுக்கு அது தெரியவந்தால் மட்டம் பார்க்கும் வேலை பாதி குறையும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்ததும், ஊர் ஊராகச் சொல்ல வேண்டும் என்று நினைப்பதும் ஒன்று உண்டு. பெண்களால் இதைச் செய்ய முடியும். எங்கள் சுவரில் பாதிக்கு மேல் பெண்கள் கை. ஒரு நாள் நான் உன் வளவில், ஒரு நாள் நீ என் வளவில் என்று பேசிக்கொண்டு அயல் பெண்கள் வந்தார்கள். மேசன் இல்லாமல் சுவர் எழும்பாது என்ற நிலையில், கூலி கொடுக்க வழியில்லாமல் அத்திவாரத்தோடு நின்றுபோன வீடுகள் எங்கள் பிரதேசத்தில் இருக்கின்றன. அவற்றில் பல, பெண் தனியாக நின்று நடத்தும் குடும்பங்களின் வீடுகள். கம்பிக்குத் தோல் கையுறையும், குழந்தைகள் முட்கம்பிப் பக்கம் வராமல் பார்க்க ஒரு பாட்டியும் இருந்தால் வேலை ஓடும். மேசனையும் தச்சரையும் கதவுநிலை, சுவரின் தலையில் சுற்றிவரும் கொங்கிறீற் வளையம், கூரை ஆகியவற்றுக்கு மட்டும் பிடித்தோம்.

நேரான சுவர் பத்தடிக்கு மேல் தனியாக ஓடினால் தாங்கு சுவர் ஒன்றை உள்ளேயோ வெளியேயோ கோர்த்துக் கட்ட வேண்டும். உள் அறைச் சுவரே அந்த வேலையைச் செய்தால் நல்லது. கதவுக்கும் மூலைக்கும் நடுவே மூன்றடியாவது சுவர் விடுங்கள். இந்தச் சுவரில் ஆணி பிடிக்காது. அதனால் நிலை வரும் இடம், அலுமாரித் தட்டு வரும் இடம் எல்லாம் முன்கூட்டியே நினைத்து, வரிசைகளுக்கு நடுவில் பலகைத் துண்டு வைத்து இடிக்க வேண்டும். வயர் போகும் குழாயையும் பூசுமுன் மூட்டைகளின் பள்ளத்தில் கட்டிவிடுங்கள்.

படங்களில் அழகாகத் தெரிகிற கும்மட்ட வடிவத்தை எங்களிடமும் சிலர் காட்டினார்கள். கூரையே தேவையில்லை, மூட்டையையே வளைத்து முடித்துவிடலாம் என்றார்கள். அது மழை குறைந்த பாலை நிலத்துக்குப் பொருந்தும். இங்கே ஐப்பசியில் தொடங்கித் தை வரை வாடைக்காற்றோடு மழை அடிக்கும், கார்த்திகையிலும் மார்கழியிலும் நாள்கணக்கில் விடாது. பூச்சில் மயிர்க்கோடு ஒன்று விட்டால் போதும், தண்ணீர் உள்ளே போகும். திருகோணமலைக்கு மண்மூட்டை என்றால் சுவர் மட்டும்தான். மேலே கூரை, நல்ல கூரை வேண்டும்.

அந்தக் கூரையைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் யோசித்தோம். மண்சுவருக்கு அகன்ற தாழ்வாரம் தேவை. ஆனால் புயலுக்குத் தாழ்வாரம் அகல அகல ஆபத்து, காற்று அடியில் புகுந்து தூக்கும். 1964 மார்கழிப் புயலை இங்குள்ள முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையேறியபோது நாங்களும் கண்டோம். நனைவதற்கும் தூக்குவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. வீட்டுக் கூரையைச் சுவரைத் தாண்டி ஒன்றரை அடியோடு நிறுத்திவிட்டு, அதற்குக் கீழே விறாந்தைக் கூரையைத் தனியாக, தன் சொந்தக் கப்புகளில் நிற்கும்படி போடுவது. புயலில் விறாந்தை பறந்தாலும் வீட்டுக் கூரை அதோடு போகாது. கூரை நாலு பக்கமும் சரிந்து இறங்கினால் காற்று முட்டி நிற்கும் முகப்பு இல்லாமல் போகும், அதுவும் நல்லது.

சுவரின் தலையில் ஆறு அங்குலக் கொங்கிறீற் வளையம் சுற்றிவரப் போட்டோம், உள்ளே நாலு கம்பி. எங்கள் சீமெந்தின் பெரும்பகுதி போனது இங்கேதான், அது போக வேண்டிய இடமும் அதுதான். வளையத்திலிருந்து கம்பிகளைக் கீழே மூன்று நாலு வரிசை ஆழத்துக்கு மூட்டைகளுக்குள் இறக்கி அடித்தோம். மேலே தீராந்திகளைப் பட்டி போட்டு வளையத்தோடு இறுக்கினோம். சிலாகைக்கு வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை கிடைத்தால் விடாதீர்கள், கறையான் அதைத் தொடுவது குறைவு. கறையான் மண்சுவரைத் தின்பதில்லை. ஆனால் சுவர் வழியாகப் புற்று ஓட்டிக் கூரை மரத்துக்கு ஏறும். அடிச்சல்லி வெளியில் தெரியும்படி சுற்றுப்புறத்தைத் துப்புரவாக வைத்திருந்தால் ஏறும் தடம் கண்ணில் படும், தட்டிவிடலாம்.

குளிர்ச்சி பற்றி ஒரு வார்த்தை. மண்வீடு என்றால் தானாகக் குளிரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 15 அங்குலச் சுவர் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெதுவாக உள்ளே விடும். இரவு குளிரும் மலைநாட்டில் அது வரம். ஆடி மாத இரவில்கூட வியர்க்கும் எங்கள் ஊரில் அப்படிச் சொல்ல முடியாது. சுவர் சூடாகாமல் பார்த்தால்தான் இங்கே அது குளிரும். அதனால்தான் மேற்கிலும் தெற்கிலும் விறாந்தை, மேற்குச் சுவரில் சின்ன யன்னல், எதிரெதிர்ச் சுவர்களில் வளையத்தை ஒட்டி உயரத்தில் வலை அடித்த காற்றுவாய்கள். நிழல் விழும் சுவர் பகல் முழுக்கத் தொட்டால் குளிர்ந்திருக்கிறது. தகரத்தை விட ஓடு போட முடிந்தால் போடுங்கள். சுவரில் மிச்சம் பிடித்த காசைக் கூரைக்குப் போடுவதுதான் இந்த முறையின் முழுக் கணக்கும்.

பூச்சு. வழுக்கும் பிளாஸ்ரிக் பையில் பூச்சு நிற்குமா என்பது நியாயமான சந்தேகம். முதல் கையை மூட்டைகளுக்கு நடுவில் உள்ள பள்ளங்களில் ஓங்கி அடித்து அடைக்க வேண்டும். அது முட்கம்பியையும் மூட்டையின் வளைவையும் பிடித்துக்கொள்ளும். களிமண்ணோடு விரலளவு வெட்டிய வைக்கோல் போட்டுத் தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து மிதித்தோம். ஊறிப் புளித்த மண்ணுக்கு ஒட்டு கூடும். ஆச்சி புற்றுமண்ணும் கலக்கச் சொன்னார், அது பூச்சை நன்றாக இறுக்கியது. இரண்டாவது கை சமன் செய்ய. உள்சுவர் அதோடு சாணமும் செம்மண்ணும் மெழுகி முடிந்தது.

வெளிச்சுவருக்குச் சீமெந்துப் பூச்சு போடுங்கள் என்று பலர் சொன்னார்கள். மண்சுவர் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும், சீமெந்து அசையாது. இடையில் வெடிப்பு விடும். வெடிப்பால் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளே நிற்கும். பிறகு ஒருநாள் பூச்சு தட்டாகக் கழன்று விழும். சுண்ணாம்புதான் பொருத்தம், அது சுவரை மூச்சுவிட விடும். பவளப்பாறை உடைத்துச் சுடும் பழைய சுண்ணாம்பு இப்போது சட்டப்படி கூடாது, கூடாததே நல்லது. கடையில் வரும் நீறிய சுண்ணாம்பை வாங்கித் தண்ணீரில் சில வாரம் ஊறவைத்து, ஆற்று மணலோடு ஒன்றுக்கு மூன்றாகக் குழைத்துப் பூசினோம். நிழல் கட்டி, ஈரச்சாக்குத் தொங்கவிட்டு மெதுவாகக் காயவைக்க வேண்டும். வெயிலில் அவசரமாகக் காய்ந்த சுண்ணாம்பு கையோடு உதிரும். கண்ணையும் தோலையும் எரித்துவிடும் அது, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். சல்லி நிரப்பிய அடி வரிசைகளுக்கு மட்டும் கோழிக்கூட்டு வலை அடித்துச் சீமெந்து பூசினோம், மழைத்துளி தெறிக்கும் இடம் அது. வடகிழக்குச் சுவருக்கு வருடா வருடம் மழைக்கு முன் சுண்ணாம்புத் தண்ணீர் அடிக்கிறோம்.

பாம்புக்குப் பதில்: இடித்து இறுக்கிய சுவரில் துளை இல்லை, ஓலைக்கூரையில்தான் அது குடியிருக்கும். செலவுக்குப் பதில் கொஞ்சம் நீளம். ஒரு வீட்டின் மொத்தச் செலவில் சுவர் ஒரு பங்குதான். கூரை, கதவு, யன்னல், நிலம், மலசலகூடம், மின்சாரம் எல்லாம் எந்த வீட்டுக்கும் ஒன்றே. எங்களுக்குச் சுவரின் பொருள் செலவு சீமெந்துக் கல்லுக்கு ஆகியிருக்கக்கூடியதில் பாதிக்கும் கீழே நின்றது. ஆனால் அயலார் கை கொடுத்ததால்தான் அந்தக் கணக்கு நின்றது. மண் நிரப்பவும் இடிக்கவும் நாட்கூலிக்கு ஆள் பிடித்தால் மிச்சம் அனேகமாகக் கூலியில் போய்விடும். கையிருக்கிற குடும்பத்துக்கும், கைகோர்க்கும் அயலுக்கும் உரிய முறை இது. கொந்தராத்துக்குக் கொடுத்துக் கட்டப்போகிறவர்கள் இயந்திரத்தில் அழுத்திய மண்கல்லைப் பாருங்கள். புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள ஓரோவில் மண் நிறுவனம் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்துப் பரப்பிவரும் முறை அது. அதற்குச் சீமெந்து கொஞ்சம் சேரும், ஆனால் சுவர் ஒல்லியாக, வேகமாக எழும்பும். சின்னக் காணிக்கும் அதுதான் தோது, 15 அங்குலச் சுவர் அறையின் இடத்தைத் தின்னும் அல்லவா.

பிரதேச சபைக்கு வரைபடம் கொடுத்து அனுமதி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். அத்திவாரம், வளையம், கூரைப் பிணைப்பு மூன்றையும் படத்தில் தெளிவாகக் காட்டினால் பேசுவதற்கு இலகு. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

காலம் பார்த்துத் தொடங்குவது அதைவிட முக்கியம். சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு அத்திவாரம் வெட்டினால், ஆடிக்குள் சுவர், ஆவணிக்குள் கூரை, புரட்டாதிக்குள் வெளிப்பூச்சு என்று முடித்துவிடலாம். ஐப்பசி மழை தொடங்கும்போது கூரையில்லாத சுவர் நிற்கக் கூடாது. முதல் தடவை வீட்டையே தொடங்காமல், இந்த வருடம் வளவில் ஒரு திண்ணையோ, கோழிக்கூட்டின் அரைச்சுவரோ கட்டுங்கள். போத்தலில் மண் பார்ப்பது முதல் சுண்ணாம்பு காயவைப்பது வரை எல்லாவற்றையும் அதில் பழகலாம். பிறகு ஒரு மாரியை அதற்குக் காட்டுங்கள். தையில் போய் அடி நனைந்திருக்கிறதா, பூச்சு எங்கே விட்டிருக்கிறது என்று பார்த்து, அந்தக் காணிக்கு எவ்வளவு உயரத்துக்குச் சல்லி வரிசை வேண்டும் என்பதைத் தீர்மானியுங்கள்.